அடுப்பை அணைத்துவிட்ட தங்கைக்கு

கேள்வி

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 37, உயரம் 158 சென்ரிமீற்றர். எட்டு மாதத்துக்கு முன் மச்ச மாமிசத்தை விட்டேன். உயிர்களிடத்தில் இரக்கம்தான் காரணம். பிறகு இயற்கை உணவு பற்றிப் பேசும் ஒருவரின் வீடியோக்களைக் கேட்கத் தொடங்கி, பால், தயிர், தேநீர், உப்பு, கடைசியில் அடுப்பில் ஏறிய எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "சமைத்தது செத்த உணவு, அதைத் தின்றால் மனமும் மந்தமாகும்" என்கிறார் அவர். உண்மையாகவே விடியற்காலைத் தியானத்தில் முன்பு கிடைக்காத அமைதி கிடைக்கிறது. 57 கிலோவாக இருந்த நான் இப்போது 44. நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. உடல் சுத்தமானால் அப்படித்தான் என்கிறார்கள். தலைமுடி கொட்டுகிறது, எழும்பும்போது கண் இருட்டுகிறது. பின்னேரங்களில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். சீனி வருத்தமுள்ள என் கணவரும் என்னைப் பார்த்து இரண்டு மாதமாகக் குளிசையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறும் பழச்சாறும் குடிக்கிறார். ஏழு வயது மகளையும் பழக்கலாம் என்றிருக்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலிலிருந்து அம்மா கொண்டுவந்த பொங்கலை நான் தொடவில்லை, அவர் அழுதுவிட்டார். காந்தியும் பச்சை உணவு உண்டவர்தானே? கீதையும் சாத்வீக உணவைத்தானே சொல்கிறது? நான் போகும் பாதை சரியா? ஒரு நாளில் நான் உண்பதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

– ஓர் ஆசிரியை

பதில்

அன்புத் தங்கைக்கு,

பாதையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நாள் தள்ளக் கூடாத விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது உங்கள் கணவரின் குளிசை. அவர் இந்த வாரமே கிளினிக் கொப்பியுடன் டொக்டரிடம் போக வேண்டும். இரண்டு மாதமாகக் குளிசை எடுக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏச்சு விழும் என்று பலர் இதை மறைக்கிறார்கள். மறைத்தால், குளிசை போதவில்லை என்று எண்ணி டொக்டர் அளவைக் கூட்டிவிடுவார். அது வேறோர் ஆபத்து. காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சீனியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கடந்த இரண்டு மூன்று மாத நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். தாங்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

பழச்சாற்றை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு தோடம்பழத்தை ஒரே இருப்பில் யாரும் உரித்துத் தின்பதில்லை. பிழிந்தால் அவ்வளவும் இரண்டு மிடறில் இறங்கிவிடும், நார் மட்டும் குப்பைக்குப் போகும். பாகற்காய்ச் சாறு சீனியைச் சிலருக்குச் சற்றுக் குறைப்பதுண்டு. ஆனால் ஒரு தம்ளர் சாறு எவ்வளவு குறைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளிக்ளாசைட் போன்ற குளிசையோடு சேர்ந்தால் சீனி திடீரென்று கீழே போகவும் கூடும். பாகற்காயைக் கறியாக உண்ணட்டும்.

குளிசையிலிருந்து விடுபட வேண்டும் என்ற அவருடைய ஆசையை நான் மதிக்கிறேன். அதற்கு வழியும் உண்டு. பிரித்தானியாவில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வில், நோய் கண்டு ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள் உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்தபோது, ஒரு வருட முடிவில் 46 சதவீதமானோர் குளிசை இல்லாமலே சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். 2017இல் அந்த முடிவு வெளியானது. அவர்களுடைய குளிசையை நிறுத்தியது வைத்தியக் குழு. இடையிடையே இரத்தம் பார்த்ததும், தேவைப்பட்டால் மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் அந்தக் குழுதான். உங்கள் கணவர் டொக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: "நான் எடையைக் குறைக்கிறேன், நீங்கள் பார்த்துக் குளிசையைக் குறைத்துத் தாருங்கள்."

இரண்டாவது உங்கள் மாதவிடாய். நான்கு மாதம் வரவில்லை என்றால் 37 வயதில் முதலில் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. அது இல்லை என்றால் இரத்த அளவு, தைரொயிட், விற்றமின் பி12, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் போங்கள். உடல் சுத்தமானதால் மாதவிடாய் நின்றது என்று உங்களுக்குச் சொன்னவர் மீது எனக்குக் கோபம் வருகிறது. உண்ணும் உணவு உடலின் தேவைக்குப் போதாதபோது, பிள்ளை சுமக்க இது காலமல்ல என்று மூளை சூலகத்துக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் சுரப்பது இறங்குகிறது. அதோடு எலும்பின் கல்சியமும் கரையத் தொடங்குகிறது. இதற்கு வலி இல்லை, நோவு இல்லை. 60 வயதில் குளியலறையில் சறுக்கி விழும்போதுதான் தெரியவரும். அமெரிக்காவில் நெடுநாள் பச்சைத் தாவர உணவு மட்டும் உண்டுவந்த 18 பேரை 2005இல் ஆராய்ந்தபோது, அவர்களின் முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் எலும்பின் அடர்த்தி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

இனி நீங்கள் இணைத்த தாளுக்கு வருகிறேன். காலையில் அறுகம்புல் சாறு. பத்து மணிக்கு ஓர் இளநீர். மதியம் பப்பாசியில் பெரிய துண்டு, நான்கு கதலி, துருவிய கரட், அதன்மேல் அரைக் கை தேங்காய்ப்பூ. பின்னேரம் முளைப்பயறு ஒரு கைப்பிடி. இரவில் ஒரு கொய்யா. இதைக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் 800 கலோரிக்கு மேல் வரவில்லை. புரதம் 15 கிராமைத் தொடவில்லை. நாள் முழுவதும் நின்று படிப்பித்து, வீட்டு வேலையும் பார்க்கும் உங்களுக்குக் குறைந்தது 1,800 கலோரியும் 45 கிராம் புரதமும் வேண்டும். பாதிக்கும் குறைவான உணவில், புரதத்தில் மூன்றில் ஒரு பங்கில், உங்கள் உடல் மாதக்கணக்காகத் தன்னையே தின்று உங்களை நடத்திக்கொண்டு வருகிறது. கொட்டும் முடியும், இருட்டும் கண்ணும், நின்ற மாதவிடாயும் அதன் கணக்குத்தான். 57 கிலோவில், உயரத்துக்கு எடை ஏற்றதா என்று காட்டும் உங்கள் உடல் நிறைச் சுட்டி 22.8. அது நல்ல அளவு. குறைக்க எந்தத் தேவையும் இருக்கவில்லை. இன்று அது 17.6. 18.5க்குக் கீழே போனால் நிறைக்குறைவு என்று போசணை ஆலோசகர்களான நாங்கள் எழுதுவோம்.

ஜேர்மனியின் கீசன் நகரில் பச்சை உணவை நெடுங்காலமாக உண்டுவந்த 500க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதமானோருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியோ முற்றாக நின்றோ இருந்தது. உணவில் பச்சையின் பங்கு மிகக் கூடியவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. அதே நாட்டில் 201 பேரைக் கொண்டு நடந்த இன்னோர் ஆய்வு 2005இல் வந்தது. அதில் நல்ல செய்தியும் இருந்தது: கெட்ட கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட்டும் அவர்களுக்குக் குறைவு. ஆனால் 38 சதவீதமானோருக்கு விற்றமின் பி12 குறைபாடு இருந்தது, நல்ல கொலஸ்ட்ரோலும் தாழ்ந்திருந்தது. பச்சைக் காய்கனியால் பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் மாவட்டத்தில் பெரும்பாலானோர் அதன் அருகிலும் போவதில்லை. விற்றமின் சியும் ஃபோலேட்டும் சூட்டில் குறைகின்றன என்பதும் உண்மை. சோறும் மீனும் மட்டும் நிறைந்த கோப்பைகளைப் பார்த்துச் சலித்த எனக்கு உங்கள் கரட்டும் பப்பாசியும் மகிழ்ச்சிதான் தருகின்றன. அவை மட்டுமே உணவு என்று ஆகும்போதுதான் தங்கை, ஆபத்து தொடங்குகிறது.

"செத்த உணவு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கோயிலிலும் சித்தர் வாக்கிலும் பிறந்ததாக அதைச் சொல்கிறார்கள். பச்சை இலையில் உள்ள நொதியங்கள் உயிருள்ளவை, அவை நமக்குள் போய்ச் சமிபாட்டை நடத்தும், சூட்டில் அவை சாகும் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் ஹோவல் போன்றோர் பரப்பியது. நொதியம் ஒரு புரதம். இரைப்பையின் அமிலத்தில் விழுந்ததும் மற்றப் புரதங்களைப் போலவே அதுவும் சிதைந்துபோகும். நமக்கு வேண்டிய நொதியங்களை நம் உமிழ்நீரும் கணையமும் சிறுகுடலும் தாமே சுரக்கின்றன. அறுகம்புல் சாற்றைப் போல அங்கே கோதுமைப்புல் சாற்றைப் பெயர்பெறச் செய்தவர் ஆன் விக்மோர். நீரிழிவுக்காரரின் இன்சுலின் தேவையைத் தம் உணவுமுறை குறைக்கும் என்று அவர் சொன்னதற்காக 1982இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். அந்தக் கூற்றை விக்மோர் கைவிட வேண்டியதாயிற்று. உங்கள் கணவர் கேட்டு மயங்கியதும் ஏறக்குறைய அதே பேச்சைத்தான்.

சமைப்பதால் சில நன்மைகள் கூடுகின்றன என்பதையும் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. தக்காளியின் சிவப்பில் உள்ள லைகோபீன், வேகவைத்து ஒரு துளி எண்ணெய் சேர்த்தால் நன்றாக உடலில் சேரும். கரட்டும் அப்படித்தான். மாப்பொருள் வெந்து மலர்ந்தால்தான் நம் குடல் அதை முழுமையாக எடுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் பாதை.

விடியற்காலையில் உங்களுக்குக் கிடைக்கும் அமைதி பொய் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மாதத்தில் உங்கள் வாழ்வில் மாறியவற்றை எண்ணிப் பாருங்கள். உயிர்க்கொலையில் பங்கில்லை என்ற நிறைவு வந்தது. இரவில் வயிறு நிரம்பத் தின்றுவிட்டுப் படுப்பது நின்றது. சீனி போட்ட தேநீர் நின்றது. நாலு மணிக்கு எழும்புகிறீர்கள். உண்பதைக் கவனித்து உண்கிறீர்கள். இவற்றில் எதற்கும் அடுப்பு பகையில்லை. பருப்பும் சோறும் உண்டாலும் இவ்வளவும் உங்களோடு இருக்கும்.

ஆனால் கடிதத்தில் நீங்கள் கடந்துபோன ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது: பின்னேரங்களில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். இணைத்த தாளின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள்: "இரவில் நித்திரை இல்லை, சமையல் வீடியோ பார்க்கிறேன்." ஆன்மிகத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. பசியைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு. இவை இரண்டும் பட்டினியின் அடையாளங்கள்.

1944இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் ஒரு சோதனைக்குத் தாமாக முன்வந்தார்கள். போரில் ஆளைக் கொல்ல மனச்சாட்சி இடம் தராது என்று படையில் சேர மறுத்தவர்கள் அவர்கள். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்பதை அறியத் தம் உடலையே தந்தார்கள். ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். உங்கள் உணவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. அந்த நல்ல மனிதர்களே சின்ன விஷயத்துக்கும் சினந்தார்கள், கூடிப் பேசுவதை வெறுத்தார்கள், எந்நேரமும் உணவையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தவர்களும் அவர்களுள் உண்டு. கொல்லாமையில் உங்களைவிட ஒரு படியும் தாழாதவர்கள். பசி அவர்களின் பொறுமையைத் தின்றது. உங்கள் வகுப்பறையில் பின்னேரம் நடப்பதும் அதுதான். அது உங்கள் குணக்கேடு இல்லை. நாலு மணித் தியானம் பயனற்றுப்போனதும் இல்லை. மதியம் ஒரு கோப்பை சோறும் பருப்பும் உண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏச்சு வாங்கியிருக்கமாட்டார்கள்.

காந்தியைக் கேட்டிருந்தீர்கள். 1929இல் அவர் அடுப்பில் வைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தது உண்மை. முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சை இலை, எலுமிச்சை என்று உண்டார். எடை இறங்கியது, பலம் குறைந்தது, சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு வந்தது. சோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். கைவிட்டதைத் தம் 'யங் இந்தியா' பத்திரிகையிலேயே எழுதினார். முதற்பாதியை மட்டும் உங்களுக்குச் சொன்னவர் பிற்பாதியையும் சொல்லியிருக்க வேண்டும்.

கீதையின் 17ஆம் அத்தியாயம் சாத்வீக உணவைச் சாறுள்ளது, நெய்ப்பசையுள்ளது, உடலில் நிலைப்பது, மனத்துக்கு இனியது என்கிறது. தாமச உணவு என்று தள்ளுவது ஆறிப்போனதையும், சுவை கெட்டதையும், நாறுவதையும், எச்சிலையும். பச்சை, சமைத்தது என்ற பிரிவு அங்கே இல்லை. 6ஆம் அத்தியாயமோ, மிகையாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

நம் மண்ணின் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். கண்ணகி அம்மனின் திருக்குளிர்த்திச் சடங்குக்கு முன் ஊரே மச்சம் விலக்குகிறது. கண்ணகி வழக்குரைக் காவியம் படித்து, பொங்கி, அம்மனுக்குப் படைத்து, அவளைக் குளிரவைத்து, பிறகு அதைப் பகிர்ந்து உண்கிறோம். அந்தப் பொங்கலில் இருப்பது அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும். ஓர் உயிரும் அதில் கொல்லப்படவில்லை. உங்கள் அம்மா நீட்டிய அந்தக் கையை நீங்கள் தள்ளியது எந்தச் சாத்திரத்தின்படி என்று எனக்குப் புரியவில்லை. அவரிடம் போய் நீங்களாகவே ஒருநாள் பொங்கித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

மச்ச மாமிசத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அது உங்கள் மனச்சாட்சியின் முடிவு. தாவர உணவில் நலமாக வாழ முடியும். கோப்பையில் பாதியைப் பச்சையாகவும் அவித்ததாகவும் காய், இலை, பழத்துக்கு விடுங்கள். வல்லாரைச் சம்பல், கரட் சம்பல், வெள்ளரிக்காய்ப் பச்சடி, கொய்யா, பப்பாசி எல்லாம் இருக்கட்டும். மற்றப் பாதியில் ஒரு பங்கு தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு அல்லது குரக்கன் பிட்டு. இன்னொரு பங்கு பருப்பு, பயறு, கௌபி, கடலை ஆகியவற்றில் ஏதாவது. மூன்று வேளையும் ஒன்றாவது வர வேண்டும். 100 கிராம் உலர்ந்த பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு பிடி கச்சானும் எள்ளும் நாளாந்தம் சேருங்கள். முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இலையிலுள்ள இரும்பு நன்றாக உடலில் சேரும். காலையில் அறுகம்புல் சாற்றுக்குப் பதிலாக அம்மாவின் கையால் ஒரு கோப்பை இலைக்கஞ்சி குடியுங்கள். அதே இலைதான், அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வருகிறது. உப்பை முற்றாக விட வேண்டாம். 1995 முதல் இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். உப்பை விட்டால் உங்கள் உணவில் அயடீன் வர வேறு நம்பகமான வழியில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் இருந்தால் போதும்.

ஆனால் உடனே வயிறு நிறைய உண்ணத் தொடங்காதீர்கள். 13 கிலோ இறங்கிய உடல் இது. டொக்டரைப் பார்த்தபின் முதல் வாரம் கஞ்சியும் பருப்புமாகச் சிறு சிறு அளவில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கால் வீக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

விற்றமின் பி12ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை, ஆனால் எந்த இலையிலும் காயிலும் கிழங்கிலும் அது நம்பத்தக்க அளவில் இல்லை. ஸ்பிருலினாவில் உண்டு என்று விற்பார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது நம் உடலுக்கு உதவாத போலி வடிவம். முன்பு உண்ட மீனிலிருந்து ஈரலில் சேர்ந்த இருப்பு இரண்டு மூன்று வருடம் தாங்கும். அதனால்தான் பலர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். இருப்பு தீர்ந்தபின் கால்விரலில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி என்று நரம்பைப் பிடிக்கும். பிந்தினால் முழுதாக மீளாது. இலைகளில் நிறையக் கிடைக்கும் ஃபோலேட் இரத்தச் சோகையை மூடி மறைத்துவிடுவதால், உள்ளே நரம்பு கெடுவது வெளியே தெரியாமலும் போகலாம். மெட்போர்மின் பல வருடம் எடுத்தவர்களுக்கும் இந்த விற்றமின் குறையும். உங்கள் கணவரின் குளிசை அதுவாக இருந்தால் அவரும் பார்க்க வேண்டும். பாதம் விறைப்பது எல்லாம் சீனியால்தான் என்று விட்டுவிடாதீர்கள். பாலைப் பற்றிய உங்கள் முடிவு தளர்ந்தால் நம் எருமைத் தயிர் ஓரளவு உதவும். தளராவிட்டால் பி12 குளிசை வாழ்நாள் முழுவதும் கட்டாயம். அளவை டொக்டர் சொல்வார்.

பச்சையாக உண்பதில் இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கையும் அதன் இலையையும் ஒருபோதும் பச்சையாக உண்ண வேண்டாம். மெல்லும்போதும் துருவும்போதும் அவற்றிலிருந்து சயனைட் வெளிப்படும். நம் அம்மாமார் மூடியைத் திறந்துவைத்து அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுவது அதனால்தான். சிவப்பு ராஜ்மா அவரையை முளைகட்டித் தின்றால் கடும் வாந்தி வரும்; ஊறவைத்து நன்றாகக் கொதிக்க வைத்தே உண்ண வேண்டும். கஜுக் கொட்டையைத் தோடு சுடாமல் உடைத்தால் தோட்டின் எண்ணெய் கையையும் வாயையும் புண்ணாக்கும். பிலிங்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும் வெறும் வயிற்றில் தம்ளர் தம்ளராகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் நாட்டிலும் பதிவாகியிருக்கிறார்கள். அவற்றிலுள்ள ஒக்சலேட்தான் காரணம். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இளநீரும் பழமும் நிறைந்த உணவு பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடலாம். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பலருக்கு இருக்கிறது. அங்குள்ளவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இப்படியொரு உணவுக்குள் இறங்க வேண்டாம். இரத்தம் கட்டியாகாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள் இலைவகையின் அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது.

உங்கள் முளைப்பயற்றை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள். முளைவிடும் ஈரச்சூட்டில் கிருமிகளும் பெருகும். 2011இல் ஜேர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலைக் கிருமியால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அத்தனை சுத்தம் பார்க்கும் நாட்டிலேயே அது நடந்தது. வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரநிலத்தில் வளர்பவை. கார்த்திகை, மார்கழி மழையில் வாய்க்காலும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிவிடும் நம் ஊர்களில், அந்த மாதங்களில் இலையைச் சம்பலாக உண்ணாமல் சுண்டியோ வறுத்தோ உண்ணுங்கள். மற்ற மாதங்களிலும் ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் எல்லாக் கிருமியும் சாகும் என்பது சரியல்ல.

மகளை இதற்குள் கொண்டுவர வேண்டாம். இதில் நான் எள்ளளவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏழு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. பழமும் கரட்டும் அந்த வயிற்றை விரைவில் நிரப்பிவிடும். வளர்ச்சிக்கு வேண்டிய சக்தியும் புரதமும் கொழுப்பும் உள்ளே போக இடமிராது. பி12 இல்லாமல் வளரும் பிள்ளையின் மூளைக்கு நேரும் பாதிப்பைப் பிறகு திருத்துவது கடினம். வீட்டில் உங்கள் அம்மா சமைக்கும் சோறும் பருப்பும் முட்டையும் பாலும் மீனும் அவள் உண்ணட்டும். மாமிசம் வேண்டாம் என்று பின்னாளில் அவள் தானாக முடிவெடுத்தால், அப்போது அதற்கேற்ற உணவை நான் எழுதித் தருகிறேன். இந்த எட்டு மாதத்தில் அவள் எடை கூடியிருக்கிறதா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார மருத்துவமாதிடம் நிறுத்துப் பாருங்கள். ஏற்கெனவே அவளுக்கு இந்த உணவைக் கொடுக்கத் தொடங்கியிருந்தால் அதை அவரிடம் மறைக்காதீர்கள்.

பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்ததும், உங்களுடையதையும் கணவருடையதையும் மகளின் எடையையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அவற்றைப் பார்த்து மூவருக்கும் தனித்தனியாக உணவு அட்டவணை அனுப்புகிறேன். அதுவரை தியானத்துக்கு எழும்பும் நேரத்தை மாற்ற வேண்டாம். அதற்குமுன் ஒரு கோப்பை வெந்நீரும் இரண்டு பேரீச்சம்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் போசணை ஆலோசகர்